தேயும் இலையா, தேயிலையா?

சொல்லைப் பிரித்துப் பொருள் காட்டும் ஆர்வம் தமிழ் மேடைக்குப் புதியதன்று. பேச்சுக்குச் சுவையூட்டவும், அவையினரைச் சிரிக்க வைக்கவும், சில வேளைகளிற் கண்கலங்க வைக்கவும் அது பயன்பட்டு வந்துள்ளது. ஊவாவின் மலைத்தோட்டங்களைப் பற்றிப் பேசப் புகுவோருக்கு இவ்வகையில் மிக வாய்ப்பாக அமைந்த சொல் 'தேயிலை' ஆகும். தேய் + இலை = தேயிலை. தொழிலாளியின் உடல் தேய, ஊதியம் தேய, வாழ்நாள் தேய வளர்ந்த இலையாதலின் அது தேயிலை ஆயிற்றாம். இதனை வினைத்தொகையாகக் கொண்டால் தேய்ந்த இலை, தேய்கின்ற இலை, தேயும் இலை என முக்காலமும் அதனுள் அடங்கும். எனவே நேற்றும் இன்றும் நாளையும் தேய்வே என்று மேலும் ஒரு படி ஏறலாம். அங்கும் நில்லாது, பதுளைத் தோட்டத்துத் துரை தொழிலாளியின் வாயிலிருந்து 'தேய்' என்பதைக் கேட்டு, இறுதி யகரத்தை விழுங்கி, 'டீ' எனத் தன் மொழிக்கு எடுத்துச் சென்றான் என்று முடித்துவிட்டால், ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் சொல்லொன்றுக்கு ஊவாவிலே பிறப்பிடம் கிடைத்துவிடுகின்றது. கைதட்டலும் கிடைக்கின்றது.

நகைச்சுவை என்ற அளவில் இக்கதையிற் குறைகாண எதுவுமில்லை. சொல்பவரும் கேட்பவரும் கதையென்று அறிந்து சிரிக்கும் வரையில் அது வாழட்டும். ஆனால் அது மேடையிலிருந்து இறங்கிக் கட்டுரைக்குள் நுழையும்போது சிரிப்பை வாசலிலே விட்டுவிடுகின்றது. 'எனலாம்' என்று தொடங்கியது 'என்பர்' என்றாகி, 'என்பது ஆய்வாளர் துணிபு' என்று முடிகின்றது. பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் ஆசிரியரும் இம்மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாகாது. அதற்கான காரணம் மொழியியற் செம்மை மட்டுமன்று. இத்தகைய வேர்கள் எந்த மக்களின் பெயராற் சொல்லப்படுகின்றனவோ, அந்த மக்களின் வரலாற்றையே அவை அழித்துவிடுகின்றன.

முதலிற் காலக்கணக்கை நோக்குவாம். இலண்டன் மாநகரின் சாமுவேல் பீப்ஸ் என்பார் தாம் முதன்முறையாகத் தேநீர் அருந்திய செய்தியை 1660ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் தமது நாட்குறிப்பில் எழுதினார். அது சீன நாட்டுப் பானம் என்றும் குறித்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அலெக்சாண்டர் போப் என்னும் கவிஞர் அச்சொல்லை 'ஒபே' என்பதோடு இயைபுபடப் பாடினார். அக்காலத்து ஆங்கிலேயர் அதனை 'டே' என ஒலித்தனர் என்பது இதனாற் பெறப்படும். இலங்கையிலோ, ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிகப் பயிராகத் தேயிலை நட்டது 1867ஆம் ஆண்டில். கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் 1869இல் தலைகாட்டிய பின்னரே தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. ஊவாவில் ஹப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் வாங்கியது 1890இல். பீப்ஸ் எழுதியதற்கும் டெய்லர் நட்டதற்கும் இடையே 207 ஆண்டுகள் கிடக்கின்றன. பதுளைத் தொழிலாளியின் வாயிலிருந்து ஆங்கிலேயன் இச்சொல்லைப் பெற்றான் என்பது, பேரன் பிறந்த பின்னர் அவன் பாட்டனைப் பெற்றான் என்பதை ஒக்கும்.

அடுத்து இடக்கணக்கு. சீனத்தின் பூக்கியன் கரையோரத்தில் வழங்கும் மின் மொழியில் இவ்விலைக்கு 'தே' என்பது பெயர். அக்கரையில் வணிகஞ் செய்த ஒல்லாந்தர் வழியே அப்பெயர் மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் 'சா' என்னும் வடிவம் மக்காவோவில் நிலைகொண்ட போர்த்துக்கேயர் வழியாகவும், தரைவழி வணிகத்தின் வாயிலாகவும் பரவிற்று. பாரசீகர், துருக்கியர், இரசியர், இந்தி பேசுவோர் ஆகியோரின் 'சாய்' அவ்வழி வந்தது. ஆங்கிலத்தின் 'டீ', ஒல்லாந்தின் 'தே', பிரெஞ்சின் 'தே', மலாயின் 'தே', சிங்களத்தின் 'தே', தமிழ்த் தேயிலையின் 'தே' ஆகிய யாவும் கடல்வழிக் குடும்பத்தின் உடன்பிறப்புகள். உடன்பிறந்தாரிடையே முகச்சாயல் காணப்படுவது இயல்பே. அதனைக் கண்டு தங்கையை அக்காளின் தாய் என்று கூறுவார் உளரோ? தேய்தலே இச்சொல்லின் வேரென்றால், சிங்களக் கிராமத்தவரும் மலாய் மீனவரும் பாரிஸ் நகரத்தாரும் எதனைத் தேய்த்து இப்பெயரைப் பெற்றனர் என்பதையும் விளக்க வேண்டிவரும்.

இலக்கணம் இடங்கொடுக்கின்றதே என்று ஒரு சாரார் வினவக்கூடும். உண்மைதான். நெடிலின் பின் நின்ற யகரமெய் இரட்டாது; ஆதலின் தேய் + இலை என்பது தேயிலை ஆகும். தே + இலை என்பதும், ஏகாரத்தின் பின் யகர உடம்படுமெய் தோன்றுதலால், தேயிலை ஆகும். புணர்ந்த வடிவம் ஒன்றாக இருக்கப் பிரிப்பு இரண்டாக இருக்கின்றது. இவ்விரண்டில் எது மெய்யென்று காண அகராதியைத் தேடவும் வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவில் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாய் அதனை எவ்வாறு சொல்கின்றாள் என்று கேட்டாற் போதும். 'தேத்தண்ணி' என்கின்றாள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது பாடசாலை மாணவரும் அறிந்த விதி; ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் என்றே வரும். 'தேய்' என்னும் வினை இதில் இருந்திருப்பின் 'தேய்தண்ணி' என்றே வந்திருத்தல் வேண்டும். தகரம் மிக்குத் 'தேத்தண்ணி' என வந்தமையால், 'தே' என்பது அவளுக்கு ஒரு பொருளின் பெயர் என்பது வெளிப்படை. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத ஒருத்தியின் நாவு காத்துவைத்துள்ள சான்றைக் கற்றவரின் வேராராய்ச்சி கவனியாது கடந்து போகின்றது.

இவ்விளையாட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவன பெரும்பாலும் மூன்று நியாயங்களுள் அடங்கும். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் நன்று.

தமிழ்ப்பற்று என்பது முதலாவது நியாயம். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேர் காட்டினால் தமிழின் பெருமை உயரும் என்பது இதன் உட்பொருள். தமிழ் 'எட்டு' என்பதிலிருந்தே ஆங்கில 'எயிட்' பிறந்தது என்னும் கூற்று இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. இன்றைய வடிவங்கள் ஒத்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல அவை ஒன்றையொன்று நெருங்க வேண்டுமன்றோ? பழைய ஆங்கிலத்தில் அது 'எயஹ்த', ஜேர்மானியத்தில் 'அக்ட்', இலத்தீனத்தில் 'ஒக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. தமிழிலோ எண்பது, எண்ணூறு என்னும் வடிவங்கள் 'எண்' என்பதே அடி என்பதைக் காட்டுகின்றன. ஒருபுறம் 'ஒக்டோ'வை நோக்கியும் மறுபுறம் 'எண்'ணை நோக்கியும் இரு சொற்களும் விலகிப் போகின்றன. இடையில் ஒருமுறை தெருவிற் சந்தித்துக்கொண்ட இருவரைத் தந்தையும் மகனும் என்று கூறுவது உறவுமுறை ஆராய்ச்சி ஆகாது.

தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்தவை இல்லாமலில்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் கப்பலேறிச் சென்று ஆங்கில அகராதியில் இடம் பெற்றுள்ளன. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து சென்ற சொல்லும் உண்டு. கண்ணாற் காண்பவன் எனப் பொருள்படும் கண்காணி, கங்காணி ஆகி, ஆங்கிலேயரின் அரசாங்க அறிக்கைகளிலும் சட்டங்களிலும் ஏறிற்று. ஐயத்துக்குரிய சொல்லும் உண்டு. வேலைக்குரிய ஊதியத்தைக் குறித்த தமிழ்க் 'கூலி', ஆங்கிலத்தில் வேலைசெய்யும் மனிதனையே குறிக்கும் இழிசொல்லாயிற்று என்று பலர் கருதுவர். குஜராத்துப் பகுதியின் கோலி என்னும் இனப்பெயரே அதன் தோற்றுவாய் என்று வேறு சிலர் கருதுவர். 1886இல் யூல், பேர்னல் ஆகிய இருவர் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' என்னும் சொற்களஞ்சியம் இரு கருத்துகளையும் எடுத்துப் பேசுகின்றது. உறுதியானதை உறுதி என்றும் ஐயமானதை ஐயம் என்றும் பிரித்துரைப்பதே மொழிக்குச் செய்யும் மரியாதை. உள்ள செல்வத்தைக் கணக்கெடுக்காது, இல்லாத செல்வத்துக்கு உறுதி எழுதுவது பற்றாகாது.

ஆங்கிலேயரும் இவ்வாறு செய்கின்றனரே என்பது இரண்டாவது நியாயம். செய்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. உயர்தரமான, செல்வப் பகட்டுடைய என்னும் பொருளில் அவர்கள் நாள்தோறும் வழங்கும் 'போஷ்' என்னும் சொல்லுக்கு அவர்கள் கட்டிய கதை உலகறிந்தது. கீழைநாடுகளுக்குச் செல்லும் பி. அன்ட் ஓ. கம்பனியின் கப்பல்களில், போகும்போது இடப்பக்க அறையும் மீளும்போது வலப்பக்க அறையும் வெயிலுக்கு ஒதுக்காக இருக்குமாம். கூடுதற் பணங் கொடுத்து அவ்வறைகளைப் பெற்றோரின் சீட்டில் 'இடப்பக்கம் போக்கு, வலப்பக்கம் வரவு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் நான்கும் பொறிக்கப்பட்டனவாம். அந்நான்கெழுத்தும் சேர்ந்தே 'போஷ்' ஆயிற்றாம். அழகான கதை. ஆனால் அவ்வாறு பொறிக்கப்பட்ட சீட்டு ஒன்றையேனும் இதுவரை எவரும் காட்டியதில்லை. கம்பனியின் ஏடுகளிலும் அதற்குச் சான்றில்லை. சொல் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இப்பொருளில் அச்சேறிவிட, கதையோ 1930களிலேதான் அச்சில் தலைகாட்டிற்று. ஆங்கில அகராதியாசிரியர்கள் இக்கதையை ஏற்கவில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். ஆங்கிலேயரின் விளையாட்டைப் பின்பற்றுவோர் அவர்களின் அகராதியாளரது கண்டிப்பையும் பின்பற்றலாமே.

இக்கதையில் மலையகத்தாருக்கு வேறொரு பாடமும் உண்டு. அக்கப்பற் பாதையிலேதான் இலங்கைத் தோட்டத்துத் துரைமாருட் பலர் கொழும்புக்கு வந்திறங்கினர். எவரும் காணாத அவர்களின் கற்பனைச் சீட்டு உலகம் முழுவதும் பேசப்படுகின்றது. அவர்களுக்குக் கீழ் உழைக்க வந்தோரிடம் மெய்யாகவே ஒரு சீட்டு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து அனுப்பப்பட்ட தொழிலாளருக்கு, செல்லவேண்டிய மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத் தொடர்புக் கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முன்னரும் பின்னரும் அத்தகரம் தொழிலாளியோடு பயணஞ் செய்தது. எழுதத் தெரியாதவன் எங்கு இறக்கப்பட வேண்டும் என்பதை அவனுக்குப் பதிலாக அது சொல்லிற்று. இல்லாத சீட்டுக்குக் கதை இருக்க, இருந்த சீட்டுக்குக் கதை சொல்ல ஆளில்லாமற் போனமை ஏன் என்பதை நமது சொல்லாராய்ச்சியாளர் சிந்தித்தல் வேண்டும்.

மூன்றாவது நியாயமே மிக வலியது. வேர் பொய்யாயினும் அது உணர்த்தும் துயரம் மெய்யன்றோ என்பர். தேயிலைக்குள் தேய்வைக் காண்பவர் தொழிலாளியின் நிலையையே பேசுகின்றார் என்பர். இதற்கு விடை கூறுமுன், தொழிலாளர் தாமே சொல்லும் நகைச்சுவைக்கும் அவர்களைப் பற்றிக் கற்றோர் சொல்லும் வேருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். 'லயம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். குதிரை கட்டும் இடத்துக்குத் தமிழில் 'லாயம்' என்று பெயர். காலொன்று குறைந்தால் லாயம் லயமாகும். துரையின் குதிரைக்கு ஒரு கால் கூடுதலாகக் கிடைத்தது என்று லயத்திலிருந்து ஒருவன் சொன்னால், அச்சிரிப்பு துரையை நோக்கிச் செல்கின்றது. அவன் சொற்பிறப்பு ஆராயவில்லை; வீட்டு வசதியைப் பற்றி முறையிடுகின்றான். அதே கூற்றைக் கட்டுரையாளன் மெய்யென்று எழுதும்போது முறையீடு மறைந்து செய்தி மட்டும் எஞ்சுகின்றது: இம்மக்கள் வாழும் இடத்தின் பெயரே விலங்குக் கொட்டில் என்பதாம். அடக்கப்பட்டோன் அடக்கியோனை நோக்கி எறிந்த கல், கற்றவன் கைபட்டுத் திரும்பி எறிந்தவன் மீதே விழுகின்றது.

லயத்தின் மெய்யான பிறப்போ இதனினும் கூர்மையானது. ஆங்கிலத்தில் 'லைன்' என்பது வரிசை. படைவீரரின் கூடாரங்களும் பாசறை மனைகளும் வரிசையாக அமைந்தமையால் அவற்றை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்றனர். படைக் குதிரைகள் கட்டப்பட்ட வரிசையும் அவர்களுக்கு 'லைன்ஸ்' தான். தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் அறைகளை வரிசையாகக் கட்டித் தொழிலாளரைக் குடியேற்றியபோது, அப்படைச் சொல்லே அங்கும் வந்தது. விடியற்காலையில் ஆளெண்ணும் களம் 'பெரட்டுக்களம்' எனப்படுவதும் 'பரேட்' என்னும் படைச் சொல்லின் வழி வந்ததென்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. குடியிருப்புக்கும் காலை அணிவகுப்புக்கும் படைப்பெயர்கள் அமைந்தமை தற்செயலானதன்று. பெருந்தோட்டம் பயிர் விளையும் நிலமாக மட்டுமன்றி, ஆட்களை அடுக்கி எண்ணி ஏவும் ஒழுங்காகவும் அமைக்கப்பட்டது என்பதற்கு இவ்விரு சொற்களும் சாட்சி. லாயம் என்னும் பொய்வேர் இச்சாட்சியை அழித்துவிட்டு, ஒரு பெருமூச்சை மட்டுமே விட்டுச்செல்கின்றது.

இச்சொல்லின் பயணத்தில் மக்களின் பங்கும் கருதத்தக்கது. ஐகாரம் 'அய்' என நின்று ஒலித்தல் தமிழுக்கு இயல்பாதலின் லைன் 'லயன்' ஆயிற்று. அஃறிணைப் பெயரின் இறுதி மகரம் னகரத்தோடு மயங்கும் என்பது நன்னூலார் கூறிய விதி. நிலம் நிலன் எனவும் அகம் அகன் எனவும் வரும். அவ்விதியின் மறுதலையாக லயன் 'லயம்' ஆயிற்று. ஆனபின் மரத்தில், நிலத்தில் என்பன போல லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளை என்று அத்துச் சாரியை பெற்று நடக்கின்றது. துரையின் படைச்சொல்லைத் தமிழிலக்கணத்துக்குள் அடக்கி வேலை வாங்கியவர்கள் பள்ளிக்கூடம் காணாத மலைத்தொழிலாளர். அவர்கள் கைவைத்த பின்னர் அது தமிழ்ச்சொல். அதற்குப் பழந்தமிழ்ப் பிறப்பொன்றைக் கட்டிக்கொடுப்பது அவர்கள் செய்த வேலைக்குக் கூலி மறுப்பதாகும்.

லயத்தறை ஒன்றின் வாசலில் நின்று பார்த்தால் இன்னும் சில புலப்படும். முன்திண்ணை 'இஸ்தோப்பு', அது ஒல்லாந்தரின் 'ஸ்தூப்' என்பதன் வழி வந்தது. உள்ளறை 'காம்பரா', அது போர்த்துக்கேயரின் 'காமரா'வோடு உறவுடையது. முழுக் கட்டடம் லயம், அது ஆங்கிலேயரது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓரறையையும் அதன் திண்ணையையும் பெயரிட்டழைக்க, இலங்கையின் கரையோரத்தை 1505 முதல் அடுத்தடுத்து நாடிவந்த மூன்று ஐரோப்பிய இனத்தாரின் மொழிகளும் தேவைப்பட்டன. அடுப்பில் கொதிக்கும் தேத்தண்ணியின் 'தே'யோ சீனக்கரையிலிருந்து வந்தது. உலக வணிகத்தின் நானூறு ஆண்டு வரலாறு அந்த ஓரறைக்குள் சொற்களாக அடைந்து கிடக்கின்றது. இதனைவிட வியப்பான கதையை எந்த மேடைப் பேச்சாளரும் கட்டியதில்லை.

இனி மூன்றாவது நியாயத்துக்கு நேரான விடை. தேய்வு சொல்லிலே இருக்கின்றது என்று கூறுவதன் விளைவென்ன? பெயரிலேயே தேய்வு எழுதப்பட்டிருப்பின், அவ்விலையைப் பறிப்போர் தேய்வது இயற்கையாகிவிடும். அதிலும் வினைத்தொகையாகி முக்காலமும் தேய்வென்றால் எதிர்காலத்துக்கும் நம்பிக்கையில்லை. சமூகக் கொடுமையொன்று சொல்லின் விதியாக மாறிவிடுகின்றது. விதியின் மேல் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. மெய்யில் தொழிலாளியைத் தேய்த்தவை கணக்கேடுகளில் எழுதப்பட்டவை. பெயர் சொல்லிக் காட்டத்தக்கவை. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்து, அதனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளர் வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாதவாறு கட்டிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடதாசித் துண்டொன்று மனிதரின் விலையாகிய அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறித்த அளவு கொழுந்து கொய்யாதவரின் நாளைப் பாதியாக வெட்டிப் பதிவதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல் வர்த்தமானியில் இடம்பெற்றது. இவை மனிதர் செய்தவை; ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கவை. துண்டு ஒழிந்தமையே அதற்குச் சான்று.

இதே ஆபத்தை இன்னும் வெளிப்படையாகக் காட்டலாம். வடமொழியில் 'லயம்' என்பதற்கு ஒடுக்கம், அழிவு என்னும் பொருளும் உண்டு. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்கள் மண்ணில் மூழ்கின. அங்கிருந்த உயிர்களும் மூழ்கின. லயம் என்னும் பெயரிலேயே அழிவு இருந்தது என்று ஒரு பேச்சாளர் கூறுவாராயின், அவையில் ஒருவேளை விம்மலும் எழலாம். ஆனால் அம்மக்கள் மாண்டது பெயரின் பொருளால் அன்று. சரிவுக்குரிய நிலமென்று எச்சரிக்கப்பட்டிருந்த இடத்தை விட்டுச் செல்ல அவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. சொல்விளையாட்டு அங்கே இரங்கற்பா போலத் தோன்றினும், பொறுப்புடையோர் அனைவருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கின்றது.

பிறப்பிடத்தைப் பற்றி எளிதாகப் பேசுவது மலையக மக்கள் விடயத்தில் மற்றொரு காரணத்தாலும் பொருத்தமற்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. பதுளை அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டு, 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்திருந்தாலும், தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டினாலன்றி, வம்சாவளியாற் பிரசையாக முடியாது என்றாயிற்று. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த மக்களிடம் பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்ப்பதற்கென ஒதுக்கிவைத்தது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு வழிதிறந்த சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று. மூலம் என்னவென்று கேட்டுக் கேட்டே அரை நூற்றாண்டு அலைக்கழிக்கப்பட்டவர்களின் சொற்களுக்கு, கற்றோர் ஒரு சான்றுமின்றி மேடையில் நின்றவாறே மூலம் வழங்குகின்றனர். மனிதருக்குக் கேட்ட சான்று கொடியது. சொல்லுக்குச் சான்று கேளாமை சோம்பல். இவ்விரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் அம்மக்கள் உண்மையில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று எவரும் அவர்களிடம் சென்று கேட்கவில்லை.

கேட்க வேண்டிய காலம் கடந்துகொண்டிருக்கின்றது. பசறையிலும் லுணுகலையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் நமுனுகுலைச் சரிவிலும் துண்டையும் தலைக்காசையும் தம் பெற்றோர் சொல்லக் கேட்டறிந்த முதியவர்கள் அருகி வருகின்றனர். கவ்வாத்து, கொந்தரப்பு, கைக்காசு, அரைப்பேர், பெரட்டு என்பன போன்ற நூற்றுக்கணக்கான சொற்கள் அவர்களின் நாவில் உள்ளன. பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்களிலே பதுளை மாவட்டத்து மாணவர்கள் இன்று இல்லாமலில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் பத்துச் சொற்களை எழுதிவரட்டும். எந்தத் தோட்டத்தில், எத்தனை வயதினர், எந்தத் தொழில் பற்றிப் பேசும்போது சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதட்டும். மூலம் தெரிந்தால் சான்றோடு குறிக்கட்டும். தெரியாவிடின் அவ்விடத்தை வெறுமையாக விடட்டும். அச்சொல்லைப் பற்றி வேடிக்கைக் கதை வழங்கினால் அதனையும் விலக்க வேண்டியதில்லை. 'நகைச்சுவை' என்று தலைப்பிட்டுத் தனி வரியில் எழுதலாம், ஏனெனில் மக்கள் எதனைக் கண்டு சிரித்தனர் என்பதும் வரலாறே. விரிவுரையாளர்கள் அவற்றைத் திருத்தித் தொகுத்து ஆண்டுதோறும் சங்க ஏட்டிலே ஒரு பகுதியாக வெளியிடுவார்களாயின், சில ஆண்டுகளில் ஊவாத் தோட்டத் தமிழுக்கு நம்பத்தக்க சொற்றொகுதி ஒன்று உருவாகும். தேயிலையைத் தேய் + இலை என்று பிரிக்க அதன்பின்னரும் ஒருவர் மேடையேறலாம். அவையிலுள்ள லயத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, 'அப்படியாயின் தேத்தண்ணியில் தகரம் ஏன் மிக்கது?' என்று அவரைக் கேட்கும் நிலையும் அப்போது வந்திருக்கும்.